கிண்ணம் இருக்கிறது, வென்றவர் பெயர் எங்கே?

பல்கலைக்கழகங்களுக்காக ஓடியும் பாய்ந்தும் எறிந்தும் வென்ற பெண்களைத் தேடிப்பிடித்துக் கௌரவிக்க இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் அதிக காலம் இல்லை. தேடலைக் கொழும்பின் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்துமே தொடங்கலாம்.

2019 ஜூலையில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உலகக் கிண்ண வலைப்பந்தாட்டம் நடந்தது. இறுதிப் போட்டியில் அவுஸ்திரேலியாவை ஒரே ஒரு கோலால் வென்று நியூசிலாந்து கிண்ணத்தைத் தூக்கியது. தொடர் முடிந்து கணக்குப் பார்த்தபோது, அதிக கோல்கள் போட்டவர் அந்த இரண்டு அணிகளிலும் இல்லை. இலங்கை அணியில் இருந்தார். தர்ஜினி சிவலிங்கம், 348 கோல்கள். அப்போது அவருக்கு வயது 40.

தர்ஜினியின் உயரம் இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும்: 208 சென்ரிமீற்றர், அதாவது ஆறடி பத்து அங்குலம். ஆசியக் கிண்ணத்தை 2009 இலும் 2018 இலும் இலங்கை வென்றபோது வளையத்தின் கீழே நின்றவர் அவர் என்பதும் பலருக்குத் தெரியும். அவர் எந்தப் பல்கலைக்கழகத்தின் பிள்ளை என்று கேட்டுப் பாருங்கள். வலைப்பந்தாட்டத்தை விரும்பிப் பார்ப்பவர்களே யோசிப்பார்கள். கிழக்குப் பல்கலைக்கழகம் என்ற பதில் சட்டென்று வராது.

ஒரு பாடசாலையின் கிரிக்கெட் அணித்தலைவராக இருந்தவரின் பெயர், அவர் பேரப்பிள்ளை கண்ட பிறகும் அந்தப் பாடசாலையோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். பெரும் சமர் வந்தால் பத்திரிகைச் சிறப்பிதழில் அவர் படம் வரும். மைதானத்தின் கூடாரத்துக்கு ஒருவர் பெயர், வெற்றிக் கேடயத்துக்கு இன்னொருவர் பெயர். உலகக் கிண்ணத்திலேயே அதிக கோல்கள் போட்ட பெண்ணின் பெயரே அவர் படித்த பல்கலைக்கழகத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவதில்லை என்றால், எழுபதுகளில் பேராதனைக்காக நூறு மீற்றர் ஓடியவரையும் எண்பதுகளில் கொழும்புக்காக ஈட்டி எறிந்தவரையும் யார் நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்?

வளையத்தின் கீழே

உயரம் இருந்தால் கோல் தானாக விழும் என்று நினைப்பவர்கள் வலைப்பந்தாட்டத்தைத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள். வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கூடைப்பந்தில் இருப்பதுபோலப் பின்னால் பலகை கிடையாது. சற்றுப் பிசகினால் பந்து வெளியே போய்விடும். ஏழு பேர் ஆடும் அணியில் இருவர்தான் கோல் போடலாம். அதுவும் வளையத்தைச் சுற்றியுள்ள 4.9 மீற்றர் ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் நின்றுதான். பந்தைப் பிடித்து முதலில் ஊன்றிய காலைத் தூக்கினால், பந்து கையை விட்டுப் போகும் முன் அந்தக் காலை மீண்டும் ஊன்றக் கூடாது. மூன்று வினாடிக்குள் பந்து கையை விட்டுப் போக வேண்டும். எதிரணித் தடுப்பாளர் 0.9 மீற்றர் தள்ளி நின்று, இரண்டு கையையும் விரித்து, முகத்துக்கு நேரே வானத்தை மறைப்பார்.

இதற்குள் தர்ஜினி செய்த வேலையைக் கவனித்தால் விளங்கும். பந்து வருவதற்கு முன்பே முதுகால் தடுப்பாளரைத் தாங்கி, தனக்கு வேண்டிய இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார். மைதானத்தின் நடுவிலிருந்து வரும் உயர்ந்த பந்தை, இரண்டு தடுப்பாளர்களின் விரல் நுனிக்கு மேலே ஒற்றைக் கையால் எட்டிப் பிடிப்பார். கால் பிசகாமல் இறங்கி, திரும்பி, அளந்து போடுவார். அவரை மறிக்க முடியாது என்று தெரிந்த அணிகள் அவருக்குப் பந்து வரும் வழியை மறித்தன. அதனால் பந்து கொடுப்பவருக்கும் அவருக்கும் இடையே கண் ஜாடையிலேயே பேச்சு நடக்க வேண்டியிருந்தது. தமிழும் சிங்களமும் கலந்து நின்ற அந்த அணியில் அந்தப் பேச்சு பிசகாமல் நடந்தது.

இந்த ஆட்டத்தில் இலங்கைக்குப் பழைய உரிமையும் உண்டு. நாட்டுக்கொரு விதியாக ஆடப்பட்ட வலைப்பந்தாட்டத்துக்குப் பொது விதி வகுக்கவும் சர்வதேசச் சம்மேளனம் அமைக்கவும் 1960 இல் பல நாட்டுப் பெண்கள் கூடிப் பேசியது இலங்கையில்தான். அதன் பலனாக முதல் உலகத் தொடர் 1963 இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போர்னில் நடந்தது. நம் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூட முற்றங்களில் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டின் சட்டப் புத்தகத்தில் இந்தத் தீவின் பெயரும் சேர்ந்திருக்கிறது.

வந்தாறுமூலை மைதானம்

யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனுக்குப் பக்கத்தில் ஈவினை என்ற சிற்றூர் தர்ஜினியின் ஊர். படித்தது வயாவிளான் மத்திய கல்லூரி. பலாலி உயர் பாதுகாப்பு வலயத்தால் தன் வளவை இழந்து, இடம்பெயர்ந்து நடந்த பாடசாலைகளில் அதுவும் ஒன்று. 1979 இல் பிறந்த ஒரு பிள்ளையின் பள்ளிக் காலம் என்றால் கணக்கு எளிது: யுத்தமும் இடப்பெயர்வும் தவிர அந்தக் காலத்தில் வேறு எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை.

அங்கிருந்து அவர் போன இடம் மட்டக்களப்பு வந்தாறுமூலை. 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வளாகம். 1990 செப்ரெம்பர் 5 அன்று, அங்கே அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேர் இராணுவத்தால் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பி வராமல் போனதும் இதே வளாகத்தில்தான். அப்படிப்பட்ட மண்ணில் மறுபடியும் விரிவுரை நடந்து, விடுதி திறந்து, மாலையில் பெண் பிள்ளைகள் பந்தோடு இறங்கினார்கள் என்பதே ஒரு செய்தி. அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து கொழும்புக்கும், கொழும்பிலிருந்து தேசிய அணிக்கும் போனவர் தர்ஜினி. பிறகு அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கழக அணிக்கும் ஆடி, வெளிநாட்டு லீக்கில் ஆடிய முதல் இலங்கை வலைப்பந்தாட்ட வீராங்கனை என்ற பெயரையும் எடுத்தார்.

ஆண் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக விளையாட்டு என்பது பெரும்பாலும் பாடசாலை விளையாட்டின் தொடர்ச்சி. பதினைந்து வயதில் தொடங்கிய ஓட்டத்தை இருபத்திரண்டு வரை இழுத்துப் போவது. பெண் பிள்ளைகளின் கதை பல வீடுகளில் வேறு. சாதாரண தரப் பரீட்சையோடு சப்பாத்தைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள். “வெயிலில் நின்று கறுத்துப் போவாய்”, “காற்சட்டையோடு ரோட்டில் திரியாதே”, “கால் கையை முறித்துக்கொண்டு வந்தால் யார் கட்டுவது” என்று அம்மாவும் சொல்வார், அம்மம்மாவும் சொல்வார், முன் வீட்டு மாமியும் சொல்வார். அப்படி நின்றுபோனவர்களுக்கு மறுபடியும் ஒரு மைதானம் கிடைக்கும் இடம் பல்கலைக்கழக விடுதி. அங்கே மாலை நாலரைக்கு யாரும் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். உயரம் பாய்ந்து பார்க்கலாம். பந்தை எறிந்து பார்க்கலாம். தோற்றாலும் ஊர் முழுக்கத் தெரியாது.

ஆகவே ஒரு பல்கலைக்கழக வீராங்கனை வென்ற பதக்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சொந்த முடிவு இருக்கிறது. பாடசாலை தள்ளியும் பெற்றோர் அனுப்பியும் வந்தவர் அல்ல அவர், தானாக இறங்கியவர். கௌரவிக்க இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

பெயர் ஒழுகிப் போகும் வழிகள்

கௌரவிக்க முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

முதல் சிக்கல் கல்யாணம். பல்கலைக்கழகத்துக்காகச் சிறப்பாக ஆடியவர்களுக்குக் கொடுக்கும் வர்ண விருதைப் பெற்றோரின் பலகையில் தங்க எழுத்தில் “செல்வி” என்று போட்டு, தகப்பனார் பெயரின் முதலெழுத்து, பிறகு அவருடைய பெயர் என்று எழுதியிருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அந்தச் செல்வி திருமதியாகிவிடுவார். முதலெழுத்து மாறும், சில வேளை முழுப் பெயரும் மாறும். அதே பலகையில் அவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆணின் பெயர் அறுபது வருடத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கும். தொலைபேசிப் புத்தகத்தில் தேடலாம், பத்திரிகை அறிவித்தலில் தேடலாம். பெண்ணைத் தேடப் போனால் பலகையில் உள்ள பெயரில் இன்று யாரும் இல்லை.

இரண்டாவது, பல்கலைக்கழகமே பெயர் மாறியது. 1921 இல் கொழும்பு தேர்ஸ்ரன் வீதியில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 1942 இல் ஐவர் ஜெனிங்ஸின் தலைமையில் இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. 1952 இல் அதன் பெரும்பகுதி பேராதனைக்குப் போனது. 1972 இல் நாட்டிலிருந்த எல்லாமே ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக்கப்பட்டன. 1978 ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் என்று ஒவ்வொன்றும் தனியாயிற்று. கொழும்பு றீட் அவெனியூ மைதானத்தில் 1950 இல் ஓடிய பெண்ணை யார் சொந்தம் கொண்டாடுவது? கொழும்பு சொல்லும், அவர் அப்போதைய இலங்கைப் பல்கலைக்கழக மாணவி என்று. பேராதனை சொல்லும், அவர் பேராதனைக்கே வரவில்லை என்று. இரண்டு பட்டியலிலும் இல்லாமல் போவார்.

மூன்றாவது, இடப்பெயர்வு. 1983 ஜூலை இனவன்முறையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எரிந்த வீடுகளோடு எத்தனை அலுமாரிகள் எரிந்தன என்று கணக்கில்லை. பிள்ளைகளின் சான்றிதழும் திருமண அல்பமும் வெள்ளிக் கிண்ணமும் இருந்த அலுமாரிகள் அவை. பிறகு குடும்பங்கள் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் போயின. உள்ளூரில் நின்றவர்கள் ஆசிரியர்களாக, வைத்தியர்களாக, வங்கி உத்தியோகத்தர்களாக வேலை பார்த்து ஓய்வு பெற்று, காலி வீதியின் குறுக்குத் தெருக்களில் தொடர்மாடி வீடுகளில் இருக்கிறார்கள். அந்த அக்கா ஒரு காலத்தில் இருநூறு மீற்றர் ஓடியவர் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. சில வேளை மருமகளுக்கும் தெரியாது.

நான்காவது, பதிவு. பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கங்களை நடத்துபவர்கள் மாணவர்கள். வருடத்துக்கொரு செயலாளர். அவர் பட்டம் பெற்றுப் போகும்போது கோப்பும் எங்கோ போய்விடும். கிண்ணம் மட்டும் கண்ணாடி அலுமாரியில் இருக்கும். அதில் வருடம் பொறித்திருக்கும், போட்டியின் பெயர் பொறித்திருக்கும். யார் ஓடி வாங்கியது என்று பொறித்திருக்காது. அஞ்சலோட்டத்தில் நாலு பேர் என்றால் நாலு பேருக்கும் அதில் இடமிருக்காது.

பிந்தி வந்தாலும் வந்த மரியாதைகள்

இந்த மறதி இலங்கைக்கு மட்டும் சொந்தமில்லை. வித்தியாசம் என்னவென்றால், சில இடங்களில் பிந்தியாவது திருத்தியிருக்கிறார்கள்.

ஒக்ஸ்பேர்ட், கேம்பிரிட்ஜ் பெண்களின் முதல் படகுப் போட்டி 1927 இல் நடந்தது. இரண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில் போட்டியிடுவது பெண்களுக்கு அழகில்லை என்று தனித்தனியாக ஓட விட்டார்கள். வேகத்துக்கு மட்டுமன்றித் துடுப்புப் போட்ட நளினத்துக்கும் புள்ளி போட்டார்கள். கரையில் நின்ற கூட்டத்தில் ஒரு பகுதி கைதட்டவில்லை, கூச்சல் போட்டது. ஆண்களின் போட்டி நடக்கும் அதே நாளில், லண்டன் தேம்ஸ் நதியின் அதே பாதையில் பெண்களும் போட்டியிட 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 88 வருடம்.

கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்கத் தொடங்கியதே 1948 இல்தான். அதற்கு முன் படித்துத் தேறியவர்கள் முழுப் பட்டமில்லாமலே வீடு போனார்கள். 1998 இல் அந்தப் பல்கலைக்கழகம் அவர்களைத் திரும்ப அழைத்தது. ஏறக்குறைய 900 மூதாட்டிகள், சிலர் கைத்தடியோடும் சக்கர நாற்காலியோடும், பட்டமளிப்பு மண்டபத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்துக் கொடுத்தது என்று யாரும் குறை சொல்லி வீட்டில் இருக்கவில்லை. வந்தார்கள்.

அமெரிக்காவில் 1972 ஜூன் 23 அன்று ஒரு சட்டம் கையொப்பமானது. அரசுப் பணம் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் வேறுபாடு காட்டக் கூடாது என்றது அது. அப்போது அந்த நாட்டின் உயர்நிலைப் பாடசாலைகளில் விளையாடிய பெண் பிள்ளைகள் மூன்று இலட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது இலட்சத்துக்கு மேல். ஆனால் 1972 க்கு முன் பல்கலைக்கழகங்களுக்கு ஆடிய பெண்கள் பலர் தங்கள் சட்டையைத் தாங்களே தைத்து, பயணச் செலவுக்குக் கேக் விற்று ஆடியவர்கள். ஆண்களுக்குக் கொடுத்ததுபோல மேற்சட்டையில் தைக்கும் பல்கலைக்கழக எழுத்து இலச்சினையை இவர்களில் பலருக்குக் கொடுக்கவில்லை. பின்னாளில் பல பல்கலைக்கழகங்கள் இவர்களைத் தேடிப் பிடித்து, மேடையேற்றி, அந்த இலச்சினையைக் கையில் கொடுத்தன. பாட்டிமார் அதை வாங்கி மேற்சட்டையில் தைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. கடல் தாண்டினால் கேரளம். 1982 டில்லி ஆசிய விளையாட்டு விழாவில் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் தங்கம் வென்ற எம்.டி. வல்சம்மா என்றால் பாலக்காடு மேர்சி கல்லூரி; 2003 இல் பாரிஸ் உலகச் சம்பியன்ஷிப்பில் நீளம் பாய்தலில் வெண்கலம் வென்று, உலக மெய்வல்லுநர் போட்டியில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் வாங்கிக் கொடுத்த அஞ்சு பொபி ஜோர்ஜ் என்றால் திருச்சூர் விமலா கல்லூரி. கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் கல்லூரிகள் இவை. விளையாட்டு விடுதி, நல்ல சாப்பாடு, பயிற்றுநர், வருகைப் பதிவில் சற்றுத் தளர்வு என்று சில எளிய ஏற்பாடுகள் இருந்தன. வீராங்கனையின் பெயரும் கல்லூரியின் பெயரும் பிரியாமல் நின்றதற்குக் காரணம், அந்தக் கல்லூரிகள் அவர்களைத் தங்கள் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டே இருந்ததுதான். அடுத்த வருடம் சேர வந்த பிள்ளை அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டே சேர்ந்தாள்.

பொன்னாடையோடு முடியாத கடன்

கௌரவம் என்றதும் நமக்கு மேடை, மாலை, பொன்னாடை, பேச்சு. இவற்றில் பிழையில்லை. இதோடு நிறுத்துவதுதான் பிழை.

சுசந்திகா ஜயசிங்கவின் கதை எல்லோருக்கும் பாடம். வரக்காப்பொலைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவர். 1997 இல் ஏதென்ஸ் உலகச் சம்பியன்ஷிப்பில் 200 மீற்றரில் வெள்ளி. 2000 இல் சிட்னி ஒலிம்பிக்கில் அதே தூரத்தில் வெண்கலம். 1948 இல் டங்கன் வைற் வென்ற வெள்ளிக்குப் பிறகு 52 வருடம் கழித்து இலங்கைக்கு வந்த ஒலிம்பிக் பதக்கம் அது. அன்று முதலாவதாக வந்த அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டு 2007 இல் பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார். சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்ந்தது 2009 டிசெம்பரில். ஓடியதற்கும் உரிய இடம் கிடைத்ததற்கும் இடையே ஒன்பது வருடம்.

நாட்டில் அவர் பெயரில் வீதி உண்டாக்கலாம், முத்திரை அடிக்கலாம். ஆனால் 2017 இல் அவர் அந்தப் பதக்கத்தை விற்கப் போவதாக அறிவித்தார். மாதாந்தக் கொடுப்பனவு நின்றுபோனதே காரணம் என்றார். நாடு முழுக்க ஒரு வாரம் அதைப் பற்றியே பேச்சு. ஒலிம்பிக் பதக்கத்துக்கே இந்தக் கதி என்றால், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான விளையாட்டு விழாவில் வாங்கிய பதக்கத்துக்கு யார் கணக்குக் கேட்பார்கள்?

ஓய்வு பெற்ற வீராங்கனைக்கு முழங்கால்தான் முதலில் பேசும். தரைப் பயிற்சி, கடும் மண், சரியில்லாத சப்பாத்து என்று இருபது வயதில் கொடுத்த விலைக்கு அறுபது வயதில் வட்டி வரும். பல பல்கலைக்கழகங்களுக்கு வைத்திய பீடமும் போதனா வைத்தியசாலைத் தொடர்பும் இருக்கின்றன. வர்ண விருது பெற்ற பழைய மாணவிக்கு வருடத்துக்கொரு மருத்துவப் பரிசோதனை என்பது பொன்னாடையைவிட அதிக செலவாகாது.

இன்னொன்று, அழைப்பு. பழைய வீரர்கள் பல்கலைக்கழகத்துக்கு வரும் வழிகள் பல: பழைய மாணவர் கிரிக்கெட், பழைய மாணவர் றக்பி, இராப்போசன விருந்து. பழைய வீராங்கனைக்கு அழைப்பு வருவது வர்ண விருது வழங்கும் வர்ண இரவில் விளக்கேற்றுவதற்கு மட்டும். அவரைப் பயிற்சி பார்க்க வரச் சொன்னால், சனிக்கிழமை காலை மைதானத்துக்கு வந்து, “குழந்தை, உன் கடைசி அடி சின்னதாக விழுகிறது, நீட்டிப் போடு” என்று சொல்லிக் கொடுப்பார். அதுவும் கௌரவம்தான்.

வயது இதற்குத் தடையில்லை. முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி எழுபதைக் கடந்த பிறகு, 2023 இல் பிலிப்பைன்ஸில் நடந்த ஆசிய மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்று வந்தார்.

சுகததாச அரங்கு நடை தூரம்

கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு நாட்டின் முதன்மை மெய்வல்லுநர் அரங்கு நடை தூரத்தில் இருக்கிறது. தேசியச் சம்பியன்ஷிப் நடக்கும் நாட்களில் சுகததாச அரங்கின் ஒலிபெருக்கி தெரு வரை கேட்கும். யாழ்ப்பாணம் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பிள்ளை அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசியச் சாதனையைத் தன் பெயருக்கு மாற்றியவர். வடக்கிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து கொழும்பில் பாய்ந்துவிட்டுப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் பிள்ளை உள்ளே போய்ப் பார்த்ததில்லை. அந்த நேரம் அவளுக்கு இரசாயனவியல் வகுப்பு.

வெள்ளவத்தையில் நிலைமை இன்னும் இறுக்கம். காணி என்றால் தொடர்மாடி என்றாகிவிட்ட ஊர். பாடசாலை முற்றத்தில் வலைப்பந்தாட்டத் திடல் ஒன்று இருந்தாலே பெரிய விஷயம். பாடசாலை விட்டதும் வான்கள் காலி வீதியில் வரிசையில் நிற்கும். ஏறினால் ரியூஷன், இறங்கினால் இன்னொரு ரியூஷன். பயிற்சிக்கு நின்றால் வான் போய்விடும். ஒரு பெண் பிள்ளையின் விளையாட்டு வாழ்க்கை முடிவது பெரும்பாலும் சண்டையால் இல்லை, வான் நேரத்தால்.

பெற்றோரின் பயமும் பொய்யில்லை. இந்த நாட்டில் பல்கலைக்கழக இடம் என்பது ஆயிரம் பேர் தள்ளும் கதவு. அந்தக் கதவைத் தாண்டிப் போகிறவர்களில் அறுபது வீதத்துக்கு மேல் இன்று பெண்கள். படிப்பில் இவ்வளவு தூரம் வந்த பிள்ளைகளின் விளையாட்டுக்கு மட்டும் ஏன் அதே இடம் இல்லை என்று கேட்க வேண்டியவர்கள் பல்கலைக்கழகத்தார்தான். விசேட திறமை காட்டிய விளையாட்டு வீரர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் ஒரு சிறு ஒதுக்கீடும் இருக்கிறது. அது இருப்பது தெரியாமலே பல வீடுகளில் சப்பாத்து பரணுக்குப் போகிறது.

அந்த வீட்டில் வாதம் நடக்கும்போது பிள்ளையின் பக்கம் பேச ஒரு ஆள் வேண்டும். “ஓடினால் படிப்புக் கெடும்” என்று அப்பா சொல்லும்போது, “மேல் மாடி டொக்டர் அன்ரி பல்கலைக்கழகத்துக்கு ஓடியவர்தானே” என்று சொல்ல அவளுக்கு ஒரு பெயர் வேண்டும். பழைய வீராங்கனைகளைக் கௌரவிப்பதன் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது. பதக்கம் வாங்கியவருக்கு அது ஒரு மாலை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு சாட்சி.

கிரிக்கெட்டிலும் இதே மறதிதான். 1998 ஏப்ரலில் இலங்கைப் பெண்கள் கிரிக்கெட் அணி கொழும்பு கோல்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடி 309 ஓட்டங்களால் வென்றது. அந்தப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 105 ஓட்டங்கள் எடுத்து, பந்து வீச்சிலும் ஒரு இனிங்ஸில் ஐந்து விக்கெட் வீழ்த்தியவர் சமனி செனவிரத்ன. அதே அணிக்குப் பின்னாளில் வந்த சமரி அத்தபத்துவின் சிக்ஸரைக் கண் கொட்டாமல் பார்க்கும் எத்தனை பிள்ளைகளுக்குச் சமனியின் பெயர் தெரியும்? சமரிக்கு முன் பாதை இருந்தது. பாதை வெட்டியவர்களின் பெயர் பாதை ஓரத்தில் எழுதப்படவில்லை.

என்ன செய்யலாம்?

பெரிய நிதியோ சட்டமோ தேவைப்படாத வேலைகளே பெரும்பாலும்.

ஒன்று, பெயரேடு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பழைய வருடாந்த அறிக்கைகள், வர்ண விருதுப் பலகைகள், பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்கள் ஆகியவற்றிலிருந்து வீராங்கனைகளின் பெயர்களைத் திரட்ட வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர் எழுத இடம் விட வேண்டும்: ஆடிய காலத்துப் பெயர், இன்றைய பெயர். வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரையாகவே இதைக் கொடுக்கலாம். நூலகத் துறையினருக்கு இது பழக்கமான வேலை.

இரண்டு, வாரிசுத் தகராறைத் தீர்ப்பது. பழைய இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கும் வளாகக் காலத்துக்கும் ஆடியவர்களைக் கொழும்பும் பேராதனையும் இரண்டுமே தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளட்டும். ஒரு பெண்ணின் பெயர் இரண்டு பலகையில் இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. எதிலும் இல்லாமல் இருப்பதுதான் நட்டம்.

மூன்று, குரல் பதிவு. எண்பதைத் தொட்டவர்களிடம் முதலில் போக வேண்டும். எந்தச் சப்பாத்தில் ஓடினார்கள், யார் பயிற்சி கொடுத்தது, போட்டிக்குப் போக விடுதிப் பொறுப்பாளரிடம் எப்படி அனுமதி வாங்கினார்கள், சாரியோடு மைதானத்துக்குப் போய் எங்கே உடை மாற்றினார்கள் என்று கேட்டுப் பதிய வேண்டும். கிண்ணத்தில் பொறிக்காத வரலாறு முழுக்க அவர்கள் வாயில் இருக்கிறது. வெள்ளவத்தையில் ஒரு கோயில் மண்டபத்தில், கொட்டாஞ்சேனையில் ஒரு பங்கு மண்டபத்தில் சனிக்கிழமை காலை ஒரு மேசை போட்டால் போதும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பழைய மாணவர் சங்கங்கள் வருடாவருடம் ஒன்றுகூடுகின்றன. அங்கேயும் ஒரு மேசை.

நான்கு, வர்ண விருது. உரிய காலத்தில் கிடைக்காதவர்களுக்கு இப்போது கொடுக்கலாம். அதே சான்றிதழ், அதே மேடை, இன்றைய மாணவிகளோடு ஒரே வரிசை. “பழைய மாணவியர் சிறப்புக் கௌரவம்” என்று தனியாக ஒதுக்கி ஒரு மூலையில் வைக்க வேண்டாம். அவர்கள் வென்றது அதே விருதுக்குரிய போட்டியைத்தான்.

ஐந்து, தர்ஜினி. அவர் இன்னும் நம்மோடு இருக்கிறார், இன்னும் ஆட்டம் பற்றிப் பேசக்கூடியவர். வந்தாறுமூலையில் ஒரு வலைப்பந்தாட்டத் திடலுக்கு அவருடைய பெயர் வைப்பது, அவர் கையாலேயே திறக்க வைப்பது, அவர் வயதில் பாதி உள்ள பிள்ளைகளுக்கு அவரே முதல் பந்தை எறிவது என்று எல்லாவற்றுக்கும் இன்னும் காலம் இருக்கிறது. நாட்டின் எந்த மூலையில் எந்தப் பெண்ணின் பெயரில் ஒரு மைதானம் இருக்கிறது என்று ஒரு தரம் எண்ணிப் பார்த்தால், இதை ஏன் தள்ளிப்போடக் கூடாது என்பது விளங்கும்.

இவற்றில் எதையும் நாளை ஒரு குழு அமைத்துத்தான் தொடங்க வேண்டுமென்றில்லை. அடுத்த வர்ண இரவின் அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன், எந்தப் பல்கலைக்கழகமாவது அதில் இரண்டு வரி சேர்த்தால் போதும்: இந்தப் பல்கலைக்கழகத்துக்காக முன்னர் ஆடிய பெண்கள் எல்லோரும் வாருங்கள். அன்று எந்தப் பெயரில் ஆடினீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.